சுருளின் உள்ளே இருப்பது

தண்ணீரூற்றில் ஓர் ஆழ்கிணற்றின் விளிம்பில் நின்று குரல் கொடுத்தால், எதிரொலி அக்கிணற்றின் இயல்பை ஓரளவு அறிவித்துவிடும். வானொலிப் பெட்டியிலுள்ள செப்புக்கம்பிச் சுருளையும் பொறியியலாளர் இவ்வாறே ஆராய்கின்றனர். பல மீடிறன்களில் மின்னலையைச் செலுத்தி, திரும்புவது எவ்வளவு, கடந்து செல்வது எவ்வளவு என அளக்கின்றனர். இவையே ‘எஸ்’ அளவைகள். இவ்வலைகளின் கணிதம் பற்றி 1965இல் குரோக்காவா எழுதிய கட்டுரை பலருக்கும் வழிகாட்டிற்று.

அளந்தவற்றிற்குப் பொருந்தும் சமவலுச் சுற்றொன்றை அமைப்பதே அடுத்த வேலை. ஏட்டுச் சுருளுக்குத் தூண்டுதிறன் ஒன்றே உண்டு. மெய்ச்சுருளிலோ கம்பியின் தடை அதனோடு தொடராக நிற்கிறது. சுற்றுகளுக்கிடையே, அழையா விருந்தாளியாக, சிறு கொள்ளளவமும் குடியிருக்கிறது.

100 மைக்ரோஹென்றிச் சுருளொன்றில் 4 பிக்கோபரட் ஒளிந்திருப்பதாகக் கொள்வோம். மத்திய அலையில், 1 மெகாஹேட்சில், அதன் விளைவு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஏறத்தாழ 8 மெகாஹேட்சில் இரண்டும் ஒத்திசைந்து மின்னோட்டத்தைப் பெரிதும் மறிக்கின்றன. அதற்கப்பால், 31 மீற்றர்ச் சிற்றலையில், அது சுருளாகவா நடக்கிறது? கொள்ளளவியாகவே நடக்கிறது!

ஆகவே, தாழ்ந்த மீடிறன்களில் மட்டும் அளந்துவிட்டுக் கொள்ளளவத்தைத் துணிவது வீண்துணிவு. கணினி எத்துணை நுட்பமாகப் பொருத்தினும், அவ்வளவைகளில் அதன் சுவடு மிக மெலிது. ஒத்திசைவின் இருபுறமும் அளத்தல் வேண்டும். தடை இன்னும் சங்கடமானது. மீடிறன் ஏறுந்தோறும் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை நாடுவதால் தடையும் ஏறுகிறது. அதனை மாறாத ஒரே எண்ணாகக் கொள்ளும் மாதிரிச்சுற்று ஓரிடத்தில் பொருந்தினால் மற்றோரிடத்தில் பிசகும்.