நின்ற இடத்தில் நெடும்பயணம்

அசையாது நிற்கும் சைக்கிளில் அமர்ந்து மலையேறுதல் கூடுமோ என்று ஒருவர் வினவியிருப்பின், முன்னையோர் அவரை நகையாடியிருப்பர். இக்காலத்திலோ அஃது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. வீட்டின் ஒரு மூலையில் சைக்கிளை நிறுத்தி, அதனைக் கணினியோடு இணைத்து, திரையில் தோன்றும் கற்பனைச் சாலையில் செலுத்தி, முறை வகுத்த பயிற்சி செய்வோர் பல நாடுகளிலும் உளர். இப்பயிற்சியின் இயல்பு யாது, அதன் பயன் யாது, அதனை மேற்கொள்வார் மறவாதிருத்தற்குரியது யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

நிலைச் சைக்கிள் புதுவதன்று. 1912-ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் அஃது இருந்தது. ஆயினும், சுவரை நோக்கி அமர்ந்து மிதிப்பார்க்கு விரைவில் சலிப்புத் தோன்றுதல் இயற்கை. அச்சலிப்பை நீக்க எழுந்த செயலிகளுள் பெயர் பெற்றது ஸ்விஃப்ட் என்பது. 2014-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனம், கலிபோர்னியாவிலுள்ள லாங் பீச் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. வாட்டோபியா என்னும் கற்பனைத் தீவை அது படைத்துளது. எரிமலையும் காடும் கடற்கரையும் அத்தீவில் உண்டு. பல நாட்டாரும் ஒரே வேளையில் அங்குத் தத்தம் உருவங்களைச் செலுத்துவர்.

இஃது இயலும் வகை யாங்ஙனம் எனின், கூறுதும். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை ஒரு கருவியின் பற்சக்கரத்தில் மாட்டுவர். அக்கருவியினுள் கனத்த சுழற்சக்கரமும் மின்காந்தமும் உள. திரையில் ஏற்றம் வருங்கால் செயலி அக்கருவிக்குக் குறிப்பனுப்பும். காந்தத்தின் தடை மிகும். மிதிப்பவர் கால் கனக்கும். இறக்கம் வந்துழித் தடை குறையும். மிதிக்கும் வலிமையைக் கருவி அளந்து செயலிக்கு உரைக்க, அதற்கேற்பத் திரையிலுள்ள உருவம் விரையும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தீவு பொய், மலை பொய், சாலையும் பொய். மிதிப்பவர் செய்யும் வேலை ஒன்றே மெய். அவ்வேலையை அளக்கும் அலகு வாட் என்பது. ஏறக்குறைய 100 கிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குதற்கு ஒரு வாட் ஆற்றல் வேண்டும். ஆகவே 150 வாட் அளவில் மிதிப்பவர், ஏறக்குறைய 15 கிலோ எடையை விநாடிதோறும் ஒரு மீட்டர் தூக்குவாரை ஒப்பர். சைக்கிளில் பொருத்தி இவ்வாற்றலை அளக்கும் கருவியை 1986-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பொறியறிஞர் உல்ரிச் ஷோபரர் இயற்றினார். வேகமோ காற்றாலும் சாலையாலும் மாறுவது. நாடித்துடிப்போ வெப்பத்தாலும் அச்சத்தாலும் மாறுவது. வாட்டோ செய்த வேலையையே கூறும்.

முறை வகுத்த பயிற்சிக்கு அடிப்படை, தன் எல்லையைத் தான் அறிதல். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒருவர் தளராது தாங்கக்கூடிய உச்ச ஆற்றலை அவருடைய வரம்பு ஆற்றல் என்னலாம். அதனைச் சுருக்கமாக அறிதற்கு ஒரு சோதனை உண்டு. நிமிடத்திற்கு ஒருமுறை 20 வாட் வீதம் சுமை ஏறிக்கொண்டே போகும். இனி இயலாது என்னும் நிலையில் மிதிப்பவர் நிறுத்துவர். அவர் தாங்கிய மிகச் சிறந்த ஒரு நிமிடத்தின் ஆற்றலில் நூற்றுக்கு 75 பங்கு அவர் வரம்பாகக் கொள்ளப்படும். அந்நிமிடம் 200 வாட் எனின், வரம்பு 150 வாட் ஆம்.

இவ்வரம்பைக் கொண்டே ஒவ்வொரு பாடமும் வகுக்கப்படும். முதலில் 10 நிமிடம் மெல்ல மிதித்து உடலைச் சூடேற்றல். பின்னர் வரம்பில் நூற்றுக்கு 92 பங்கு, அஃதாவது 138 வாட் அளவில் 8 நிமிடம். அதன்பின் 75 வாட் அளவில் 4 நிமிட இளைப்பாறல். இவ்வாறு மும்முறை உழைத்து, இடையே இருமுறை இளைப்பாறி, இறுதியில் 8 நிமிடம் மெல்ல மிதித்து முடித்தால், 50 நிமிடத்தில் ஒரு பாடம் நிறைவுறும். ஸ்விஃப்ட் திரையில் எளிய பகுதி சாம்பல் நிறத்திலும், அடுத்தடுத்தவை நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களிலும், மிகக் கடியது சிவப்பிலும் தோன்றும்.

உழைப்பும் இளைப்பாறலும் மாறி மாறி வரும் இம்முறை கணினி கண்டதன்று. 1930-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் வோல்டமார் கெர்ஷ்லர் என்னும் பயிற்றாசிரியரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்னும் மருத்துவரும் இதனை ஓட்டக்காரர்க்கு வகுத்தளித்தனர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-ஆம் ஆண்டில் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை புரிந்தார். செயலி செய்தது, அப்பயிற்றாசிரியரின் கடிகாரத்தை நம் இல்லத்திற்குக் கொணர்ந்ததே.

கருவிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. 138 வாட் என்று விதித்துவிட்டால், கால் விரையும்போது அது தடையைக் குறைக்கும். கால் தளரும்போது தடையைக் கூட்டும். ஆதலின் சோர்ந்து மெதுவாக மிதிப்பார்க்குச் சுமை மேலும் கனக்கும். கனக்கக் கனக்க வேகம் குறையும். ஈற்றில் கால் நின்றே போகும். சோர்வு தோன்றுமுன்னரே மிதிவேகத்தைச் சற்றே உயர்த்திக்கொள்ளுதல் இதற்கு மாற்று.

சென்ற விடுமுறையில் என் சிற்றப்பா இல்லத்தில் இருந்த இத்தகைய கருவியில், வாரத்திற்கு மூன்று நாளாக ஆறு வாரம் யானும் பயின்று பார்த்தேன். கடிய பாடத்தினும் எளிய பாடமே என் பொறுமையைச் சோதித்தது. இன்று 90 வாட்டுக்கு மேல் வேண்டா என்று திரை விதிக்கும். காலோ விரைய விரும்பும். பின்னால் வருவோர் முந்திச் செல்வர். எனினும் அவ்வெளிய நாளே அடுத்த கடிய நாளுக்கு வலிமை சேர்த்தது. ஆறு வாரத்தின் பின் என் வரம்பு 150-இலிருந்து 162 வாட் ஆயிற்று. பன்னிரண்டு வாட் சிறிதே. ஆயினும் அதனுள் ஒன்றேனும் கற்பனையன்று.

இனி, மறவாதிருத்தற்குரியது கூறுவாம். இவ்வுலகில் ஏற்றத்தின் வேகம், ஆற்றலை எடையோடு ஒப்பிட்டே கணிக்கப்படும். எடையையோ மிதிப்பவரே எழுதிக்கொடுக்கிறார். பத்துக் கிலோ குறைத்தெழுதினால், மலையில் பலரையும் முந்தலாம். உடலில் ஓர் அணுவளவும் மாற்றம் நிகழாது. அவ்வாறே, வரம்பைப் பெருக்கி எழுதுவார் பாடத்தை முடிக்கமாட்டார். சுருக்கி எழுதுவார் முடித்தும் பயனடையார். கற்பனைத் தீவில் உண்மை பேச வேண்டியவர் மனிதர் ஒருவரே.

அங்ஙனம் உழைத்தார்க்கு அங்குப் பெற்ற வலிமை மெய்யானதே என்பதற்கு ஒரு சான்று காட்டுவாம். பன்னாட்டுச் சைக்கிள் சங்கம் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முறையாக ஸ்விஃப்டில் உலக வெற்றிப் போட்டி நடத்தியது. பெண்களுள் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும், ஆண்களுள் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்பார்னும் வென்றனர். ஆஸ்பார்ன் படகு வலிப்பவர். மறு ஆண்டே டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

செயலி அறியாதவையும் சில உள. முந்தைய இரவு உறங்கினீரா, காய்ச்சல் உண்டா என்பதை அஃது அறியாது. நெஞ்சு வலிப்பினும் தலை சுற்றினும் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். மேலும், உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கே மிதியைச் சேரும்; எஞ்சியது வெப்பமாகும். 150 வாட் அளவில் மிதிப்பவர் உடலில் 450 வாட்டுக்குக் குறையாத வெப்பம் எழும். வெளியிற் செல்வாரைக் காற்று குளிர்விக்கும். அறையில் அமர்ந்தார்க்கு மின்விசிறியும் நீரும் இன்றியமையாதன.

கருவியின் விலை மாணவர் பலர்க்கு எட்டாதது என்பது உண்மை. ஆயினும் இதன் சாரம் விலைக்கு வருவதன்று. தன் எல்லையை அளந்தறிதல், அதற்கேற்ப உழைத்தல், விதித்த பொழுதில் இளைப்பாறுதல், சில வாரங்களின் பின் மீண்டும் அளத்தல் என்னும் இந்நான்கும் ஒரு பழைய சைக்கிளும் ஒரு கைக்கடிகாரமும் உடையார்க்கும் இயல்வனவே. மாணவ நண்பர்காள்! பிறரைக் கொண்டு நம்மை அளப்பதினும், நேற்றைய நம்மைக் கொண்டு இன்றைய நம்மை அளத்தல் நன்று. அங்ஙனம் அளப்பார் நின்ற இடத்திலேயே நெடுந்தொலை சென்றவராவர்.