ஏசியை நிறுத்தினது யாரு?

"ஓடுது, அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப ஓடுது." ஏப்ரல், மே மாதங்களில் ஊரிலிருந்து வரும் போன்களில் இதை அடிக்கடி கேட்கிறேன். நான் ஏசி மெக்கானிக் இல்லை, சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆனாலும் ஒரு புரோகிராம் பாதியில் நின்று போனால் தேடும் முறைதான் இங்கேயும் உதவுகிறது. எதைக் கழற்றுவது, எதை மாற்றுவது என்பதெல்லாம் பிறகு. முதலில், அதை நிறுத்தினது யார் என்று கண்டுபிடிக்கணும்.

ஏனென்றால் ஏசி நிற்பது ஒரே காரணத்தால் அல்ல. அதை நிறுத்தும் அதிகாரம் நாலு பேரிடம் இருக்கிறது. நாலு பேரும் நிறுத்தும் விதம் வேற வேற. அதைக் கவனிக்காமல் "கம்ப்ரசர் போச்சு", "கேஸ் இல்ல" என்று முடிவு கட்டினால், காசு போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில், நிற்பதே தப்பா?

இல்லை. பழைய ரக ஏசி (இன்வெர்ட்டர் அல்லாதது) முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். நடுவில் எதுவும் கிடையாது. 24 டிகிரி வைத்திருந்தால் அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்கும். ஒன்றிரண்டு டிகிரி ஏறியதும் திரும்ப ஓடும். இந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால் 24-ஐத் தொட்டதும் நின்று, 24-ஐத் தாண்டியதும் ஓடி, ஒரு நிமிஷத்தில் பத்து தடவை படபடவென்று அடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் ஏசியின் முழு சக்தியும் தேவைப்பட்டால் அது நிற்கவே நிற்காது. வெளியே நல்ல குளிர்ச்சியாக இருந்தால் ஓடவே ஓடாது. அதிகமாக ஆன்-ஆஃப் ஆவது நடுவில், தேவை பாதியாக இருக்கும்போதுதான். அதனால்தான் வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் மே மாதம் ஒழுங்காக ஓடின ஏசி, ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கியதும் அடிக்கடி நின்று நின்று ஓடுகிற மாதிரித் தெரியும். அது கோளாறு இல்லை.

மணிக்கு மூன்று தடவை, அதாவது பத்து நிமிஷம் ஓட்டம், பத்து நிமிஷம் ஓய்வு என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மூணு நிமிஷம் ஓடி மூணு நிமிஷம் நின்றால் மணிக்கு பத்து தடவை. அதுதான் கவனிக்க வேண்டிய கேஸ்.

அடிக்கடி நின்றால் என்ன குடி முழுகிப் போகும்?

மூன்று நஷ்டம். ஒன்று, கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒவ்வொரு கிளப்பலும் மோட்டாரின் சுருளைச் சூடாக்கும். இரண்டு, கிளம்பிய முதல் ஓரிரு நிமிஷத்துக்கு உருப்படியான குளிர்ச்சி வராது. உள் காயில் குளிர்ந்த பிறகுதான் வேலை ஆரம்பம். மூணு நிமிஷ ஓட்டத்தில் பெரும்பகுதி முன்னேற்பாட்டிலேயே போயிடும், மீட்டர் மட்டும் முழுசாக ஓடும். மூன்று, ஈரம். காற்றிலுள்ள ஈரம் காயிலில் படிந்து, சொட்டி, குழாய் வழியாக வெளியேற நேரம் வேண்டும். சீக்கிரம் நின்றுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் உள் ஃபேன் அந்த ஈரத்தை அறைக்கே திருப்பி ஊதும். அறை குளிராக இருக்கும், ஆனால் பிசுபிசுவென்று இருக்கும். 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக நவீன ஏசியை வடிவமைத்ததே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தை எடுக்காத ஏசி பாதி வேலைதான் செய்கிறது.

இனி அந்த நாலு பேர்.

1. தெர்மோஸ்டாட்

நியாயமாக நிறுத்த வேண்டியவர் இவர்தான். இவர் நிறுத்தினால் வெளியே கம்ப்ரசரும் ஃபேனும் சேர்ந்தே நிற்கும். உள்ளே ஃபேன் ஓடும். அறை குளிர்ந்திருக்கும்.

இவரே அவசரப்பட்டு நிறுத்தவும் செய்வார், இரண்டு காரணத்தால். முதலாவது, உணர்கருவி ஏமாறுவது. வெப்பத்தை அளக்கும் சின்ன சென்சார் உள் யூனிட்டில், காற்றை உறிஞ்சும் பக்கம் இருக்கும். யூனிட்டுக்கு எதிரே பீரோவோ, திரையோ, பரணோ இருந்தால் வெளிவரும் குளிர்காற்று அதில் மோதி நேராக மேலே திரும்பும். அறை வெந்துகொண்டிருக்கும், சென்சார் மட்டும் "குளிர்ந்தாச்சு" என்று சொல்லும்.

இரண்டாவது, அறைக்கு மிஞ்சின ஏசி. இதற்கு டன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. இது ஏசியின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம். மணிக்கு 12,000 பி.டி.யு., சுமார் 3.5 கிலோவாட். குளிர்ச்சியைப் பனிக்கட்டியாக விற்ற காலத்தின் மிச்சம் இந்த அளவு. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கத்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். ராத்திரி ஒரு அறைக்குள் வரும் வெப்பம் 1.3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒன்றரை டன் (5.25 கிலோவாட்) ஏசி 3 நிமிஷம் ஓடி 9 நிமிஷம் நிற்கிறது. அதே அறையில், அதே ஒன்றிரண்டு டிகிரி இடைவெளியில், ஒரு டன் ஏசி இருந்தால் ஏறக்குறைய ஐந்தரை நிமிஷம் ஓடும், அதே 9 நிமிஷம் நிற்கும். ஒவ்வொரு ஓட்டமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, ஈரமும் வடிகிறது. "எதுக்கும் பெருசா வாங்கிருவோம்" என்பது ஏசி விஷயத்தில் சரிப்படாது. அதே நேரம், மேலே வெயில் படுகிற மொட்டை மாடி, மேற்குச் சுவர் என்றால் பெரிய ஏசி தேவைப்படலாம். கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டோடு பதிப்பதும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் டன்னைக் கூட்டாமலே இதைக் குறைக்கும் வழிகள்.

2. பனிக்காவல்

உள் காயிலில் இன்னொரு சென்சார் இருக்கும். காயில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் பனி கட்டிவிடும் என்று கம்ப்ரசரை நிறுத்தும். அடையாளம்: அறை இன்னும் சூடு, ஆனால் வெளியே கம்ப்ரசரும் ஃபேனும் நின்றுவிட்டன, உள்ளே காற்று பலவீனம், செப்புக் குழாயிலோ காயிலிலோ வெள்ளையாகப் பனி, அல்லது பிறகு தண்ணீர் ஒழுக்கு.

காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ஃபில்டர். காற்று போகாவிட்டால் காயில் அளவுக்கு மீறிக் குளிரும். ஃபில்டரைக் கழுவியும் பனி கட்டினால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்க: கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே செலவு.

குளிர்நாடுகளின் ஹீட்டருக்கும் இதே கதைதான், தலைகீழாக. அங்கே ஃபில்டர் அடைத்தால் உலை சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை நிறுத்தும்.

3. கம்ப்ரசரின் மெய்க்காப்பாளர்

கம்ப்ரசரோடு ஒட்டி ஒரு ஓவர்லோட் சுவிட்ச் இருக்கும். சூடோ கரண்டோ எல்லை மீறினால் உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். இவரைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். இவர் கம்ப்ரசரை மட்டும்தான் நிறுத்துவார். வெளி ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே சாதா காற்று வரும். கொஞ்ச நேரம் கழித்து "டக்" என்று சத்தம், ஒரு உறுமல், திரும்ப "டக்".

இவர் குற்றவாளி இல்லை, கூப்பாடு போடுகிறவர். காரணங்கள்: வெளி காயிலில் புழுதி அடைப்பு, வெளி யூனிட்டைச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே திணித்து, விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்ச வைத்தது, கேஸ் குறைந்து கம்ப்ரசருக்குப் போதிய குளிர்ச்சி திரும்பாதது, பலவீனமான கெப்பாசிட்டர், குறைந்த வோல்டேஜ், கடைசியாக, உண்மையிலேயே தேய்ந்துபோன கம்ப்ரசர். கடைசிக் காரணத்தைக் கடைசியாகத்தான் பார்க்கணும். ஆனால் பலர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

4. கரண்ட்

ஸ்டெபிலைசர் துண்டித்தால் எல்லாமே நிற்கும். உள் ஃபேன், விளக்கு, டிஸ்ப்ளே உட்பட. சுமார் மூன்று நிமிஷம் கழித்துத் திரும்ப வரும். அந்த மூன்று நிமிஷம் சும்மா வைத்ததில்லை. ஓடி நின்ற கம்ப்ரசரின் ஒரு பக்கம் உயர் அழுத்தம், மறுபக்கம் தாழ்வழுத்தம். இரண்டும் சமமாக நேரம் வேண்டும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் சுழல முடியாமல் திணறும். ரிமோட்டில் ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணக் கூடாது என்பதும் இதனால்தான்.

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். 1956-இன் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்புக்கு 6 சதவீத ஏற்றத்தாழ்வை அனுமதித்தன. அதாவது சுமார் 216 முதல் 244 வரை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடுகளும் கிணற்று மோட்டார்களும் இருந்து, உங்க வீடு லைன் கடைசியில் இருந்தால், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் இதற்குக் கீழே இறங்கலாம். மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 180 வோல்டில் கிளம்பும் விசை 230-இல் இருப்பதில் வெறும் 61 சதவீதம். வோல்டேஜ் கால்வாசி கூடக் குறையவில்லை, விசை பத்தில் நாலு பங்கு போயிட்டது.

ஒரு மணி நேரச் சோதனை

கருவி எதுவும் வேண்டாம். நோட்டு, கடிகாரம், வெளி யூனிட்டைப் பார்க்க ஒரு ஆள். ரிமோட்டில் 16 வையுங்க. நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் அறை 16-க்கு இறங்காது. ஆகவே தெர்மோஸ்டாட் நிறுத்தக் காரணம் இல்லை. அப்படியும் நின்றால், சென்சார் ஏமாறுகிறது அல்லது மற்ற மூவரில் ஒருத்தர். 16-இல் நிற்காமல் ஓடி, 24-இல் மட்டும் அடிக்கடி நின்றால், அறைக்கு மிஞ்சின ஏசி. "18-ல வச்சா சரியா ஓடுதே" என்று அப்படியே விட்டுவிடுவது தீர்வல்ல, கோளாறை மூடி வைப்பது.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நாலு விஷயம் எழுதுங்க: மணி, வெளி ஃபேன் சுற்றுகிறதா, உள் ஃபேன் ஓடுகிறதா, ஸ்டெபிலைசர் காட்டும் வோல்டேஜ்.

வாசுதேவநல்லூரில் என் பெரியப்பா வீட்டில் இதைத்தான் செய்தோம். ஒன்பது வருஷ ஒன்றரை டன் ஏசி. பெரியம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து அந்த அறையில்தான் படுத்திருந்தார். வந்து பார்த்தவர், "அண்ணாச்சி, கம்ப்ரசர் போயிட்டு. மாத்தணும், இல்லன்னா புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டார். ஓய்வூதியத்தில் குடும்பம் ஓடுகிற வீட்டில் அது இரண்டு மாசச் சாப்பாட்டுக் காசு. பெரியப்பா போனில் நிமிஷ வாரியாகச் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். ஏழு தடவை நின்றது. ஏழு தடவையும் வெளி ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் 210-க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, மூன்றாம் ஆள். வேறொரு மெக்கானிக்கிடம் "முதல்ல வெளி காயிலைக் கழுவி, கெப்பாசிட்டரை அளந்து பாருங்க" என்று கேட்டோம். காயில் பின்பக்கம் கம்பளி போட்ட மாதிரி புழுதி. 35 மைக்ரோஃபாராட் இருக்க வேண்டிய கெப்பாசிட்டர் 21 காட்டியது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சில கேஸில் கம்ப்ரசர் உண்மையிலேயே போயிருக்கும். ஆனால் அதை அளந்து சொல்லணும், பார்த்ததும் சொல்லக் கூடாது.

நீங்க செய்யலாம், செய்யக் கூடாது

ஃபில்டர் கழுவுவது, எதிரே இருக்கும் பொருளை நகர்த்துவது, வெளி யூனிட்டைச் சுற்றி இடம் விடுவது, நோட்டு எழுதுவது: இவை நம்ம வேலை. வெளி யூனிட்டின் மூடியைத் திறக்காதீங்க. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். கேஸ் விஷயமும் பயிற்சி உள்ளவருக்குத்தான்.

புது இன்வெர்ட்டர் ஏசி என்றால் கதை கொஞ்சம் மாறும். (கரண்ட் போனால் ஓடும் பேட்டரி இன்வெர்ட்டர் வேற, இது வேற.) தேவைக்குத் தக்கபடி கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அதனால் அடிக்கடி நிற்காது. மிகக் குறைந்த வேகமும் அதிகம் என்கிற அளவுக்கு அறை சின்னதாக இருந்தால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும். அதில் நிறுத்துவது சர்க்யூட் போர்டு. ஏன் நிறுத்தியது என்பதைப் பெரும்பாலும் டிஸ்ப்ளே எண்ணாகவோ விளக்குச் சிமிட்டலாகவோ அதுவே சொல்லும். ஆஃப் பண்ணும் முன் அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்க.

மெக்கானிக் வரும்போது "ஏசி சரியில்ல" என்று சொல்லாமல், "மணிக்கு ஏழு தடவை நிக்குது, வெளி ஃபேன் நிக்கல, வோல்டேஜ் 210" என்று சொல்லிப் பாருங்க. நல்ல மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம். மற்றவருக்கு, இந்த வீட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.