முதியோர் இல்லங்களில் மருந்தும் மறதியும்

பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றுவிட்டமையால், கிராமத்து முதியவர்களில் சிலர் இன்று முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். ஆதரவற்ற முதியோருக்கென மாவட்டந்தோறும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிவகுத்துள்ளது. இல்லங்களில் முதியோருக்கு நேரும் தீங்குகளில் பல, எவருடைய கெட்ட எண்ணத்தாலும் விளைவன அல்ல. இன்ன வேலை இன்னாருடையது என்று வரையறுக்கப்படாத இடத்திலேயே அவை விளைகின்றன.

இருவர் கவனிக்கும் வயலில், மற்றவர் மடை திறந்திருப்பார் என்று இருவரும் இருந்துவிட்டால் பயிர் வாடும். இருவரும் திறந்துவிட்டால் பயிர் மூழ்கும். பகல் பணியாளரும் இரவுப் பணியாளரும் மாறும் வேளையில் மருந்துக்கும் இந்நிலையே ஏற்படுகின்றது. கொடுத்த மருந்தை அப்பொழுதே எழுதி வைக்காவிடில், ஒரு வேளை விடுபடும். அல்லது இருமுறை கொடுக்கப்படும்.

சில மருந்துகளில் இத்தவறு உயிருக்கே அபாயமாகும். சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை உட்கொண்ட முதியவர் உணவு உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், மயக்கம் ஆகியவை தோன்றும். அதனை உறக்கமென்று எண்ணி விட்டுவிடுவதுண்டு. மூட்டுவாதத்திற்குரிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள் மட்டுமே கொடுக்கத்தக்கது. அதனை நாள்தோறும் கொடுத்தால் வாய்ப்புண் தோன்றுவதுடன், இரத்த உற்பத்தியும் குன்றி மரணம் நேரிடக்கூடும்.

ஒரே பூச்சி மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதை விவசாயிகள் அறிவார்கள். மாத்திரைகளும் அவ்வாறே. இரண்டு மருத்துவர்கள் இரு பெயர்களில் எழுதிய ஒரே மருந்தை ஒருவர் ஒரே நாளில் உட்கொள்ள நேரிடுகின்றது. ஆகவே, எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டி ஒப்புநோக்கச் செய்தல் அவசியம்.

கவனக்குறைவு மருந்தோடு நிற்பதில்லை. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், எழ இயலாதவர் தாகத்தோடு கிடப்பார். படுக்கையிலேயே இருப்பவரைச் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் உண்டாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உறவினர்களும் இல்லத்திற்குச் செல்லும்போது, பழங்களுடன் சில கேள்விகளையும் எடுத்துச் செல்வார்களாக. ஒவ்வொருவருக்கும் தனி மருந்துக் குறிப்பு உண்டா? கொடுத்தவர் நேரம் குறித்துக் கையொப்பம் இடுகிறாரா? மாத்திரைகள் பெயர் தெரியும் அட்டையிலேயே இருக்கின்றனவா? உணவு உண்ணாதவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்கிறார்களா? தண்ணீர் கைக்கெட்டுகிறதா?

மயக்கமுற்றவரின் வாயில் எதனையும் ஊற்றாமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். குறைகள் திருத்தப்படாவிடில் மாவட்டச் சமூக நல அலுவலரிடமோ, 14567 என்னும் முதியோர் உதவி எண்ணிலோ தெரிவிக்கலாம்.

தவறு நேர்ந்துவிட்டால் அதனை உடனே சொல்லும் பணியாளரைத் தண்டிக்க முனைதல் கூடாது. தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் பிழை நாளை மீண்டும் நிகழும். சொல்லப்பட்ட பிழையால் ஓர் உயிர் காப்பாற்றப்படலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் பெருஞ்செலவு ஆகா. நமக்கு உழைத்து ஓய்ந்தவர்களுக்காக அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் கடமையாகும்.