முந்துபவருக்கே மருத்துவ இடமா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர ஆண்டுதோறும் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது ஏறத்தாழ 23,000 பேருக்கு. நம் ஊரில் கடைசி நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். மீதியை நீட் தரவரிசை பார்த்துக்கொள்ளும். அங்கே, அனுப்பிய தேதிக்கும் மதிப்பு உண்டு.

பெரும்பாலான கல்லூரிகள் எல்லா விண்ணப்பங்களும் வந்துசேரக் காத்திருப்பதில்லை. வர வரப் பரிசீலித்து, நேர்காணலுக்கு அழைத்து, அக்டோபர் நடுவிலிருந்தே இடம் கொடுக்கத் தொடங்குகின்றன.

சம தகுதியுள்ள இருவரில் ஒருவர் ஜூன் தொடக்கத்திலும் மற்றவர் ஆகஸ்ட் தொடக்கத்திலும் பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தை அனுப்புவதாகக் கொள்வோம். படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் சரிபார்க்கும் வேலை முதலாமவருக்குச் சில நாளில் முடியலாம். கூட்டம் சேர்ந்த பிறகு ஆறு வாரம்கூட ஆகலாம். அதன்பின் பெரும்பாலான கல்லூரிகள் தனித்தனியாகக் கட்டுரைக் கேள்விகள் அனுப்பும். இரண்டு மாதத் தாமதம் இப்படி மூன்று மாதத்தைத் தாண்டிவிடலாம். அதற்குள் நேர்காணல் நாள்கள் பல நிரம்பியிருக்கும்.

வியப்பு என்னவென்றால், அதே மாணவர்கள் படித்து முடித்து மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது இந்த அவசரம் இல்லை. 1940களில் அங்கும் இருந்தது. படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மருத்துவமனைகள் மாணவர்களை வளைத்துப்போட்டன. 1952இல் தேசிய அளவில் பொருத்தமுறை வந்தது. மாணவர்களும் மருத்துவமனைகளும் தத்தம் விருப்ப வரிசையைக் கொடுப்பார்கள். முதலில் ஒதுக்கப்படும் இடம் தற்காலிகம்தான். அன்றைய முறையில், மாணவர் இன்னும் மேலே குறித்த மருத்துவமனை அவரை ஏற்றால் அங்கே மாறினார். அவர் விட்ட இடம் அடுத்தவருக்குப் போனது. இனி மாற்றமில்லை என்ற நிலை வந்த பிறகே முடிவு உறுதியாகும். பட்டியலை முதல் நாள் கொடுத்தாலும் கடைசி நாள் கொடுத்தாலும் விடை ஒன்றே.

இத்தகைய முறை எப்போதும் நிலையான பொருத்தத்தில், அதாவது ஒதுக்கீட்டைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் மாணவர்-மருத்துவமனை இணை எதுவும் மிஞ்சாத பொருத்தத்தில், முடியும் என்று 1962இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் நிறுவினார்கள். இந்தத் துறை ஆய்வுக்காக ஷாப்லியும் ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளாதார நோபல் பெற்றனர்.

ஆக, முந்துபவருக்குக் கிடைக்கும் சாதகம் தேர்வுமுறை தருவது. முறையை மாற்றினால் அதுவும் போய்விடும். கல்லூரி வாசலில் அந்த மாற்றம் இன்னும் பரவலாக வரவில்லை. அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஜூன் மாதத்தைக் குறிவைத்துத் தயாராகுங்கள். எம்கேட் என்ற நுழைவுத் தேர்வின் முடிவு வரவே ஒரு மாதம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.