போடி ஏலத்தில் எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய்க்கு முக்கியமாக இரண்டு இடங்களில் விலை தீர்கிறது. மலைமேல் வண்டன்மேட்டை அடுத்த புத்தடி ஒன்று. அடிவாரத்தில் போடிநாயக்கனூர் மற்றொன்று. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள ஸ்பைசஸ் வாரியம் 2007-ல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதுவரை வாயால் விலை கேட்கும் ஏலம்தான். யார் ஏற்றுகிறார், யார் ஒதுங்குகிறார் என்பது கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கண்ணசைவிலேயே விலையை நிறுத்தவும் அதில் வழியிருந்தது. கணினி வந்தபின் அந்த வழி குறுகியது.

தோட்டக்காரர் உலர்த்திய காயை உரிமம் பெற்ற ஏல நிறுவனத்திடம் பதிகிறார். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு லாட் எண். அதிலிருந்து எடுத்த சாம்பிள் வியாபாரிகளின் கைக்குப் போகிறது. காயை உள்ளங்கையில் கொட்டி, பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றிரண்டை உடைத்து ஏலரிசியையும் பார்த்துவிட்டே விலை அழுத்துகிறார்கள். மூட்டைக்குள் இருப்பதும் சாம்பிளும் ஒரே தரம்தானா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அங்கே பதிந்தவரின் நாணயமும் ஏல நிறுவனத்தின் கவனமும்தான் காவல்.

ஏலம் முடிந்ததும் லாட்டுகளின் எண்ணிக்கை, வரத்து, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இது பெரிய நன்மை. ஏலத்துக்கே வராமல் உள்ளூர்க் கடையில் காய் போடும் சிறு விவசாயியும் இன்றைய சராசரியைச் சொல்லிப் பேரம் பேச முடிகிறது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும் என்னும்போது, கிலோவுக்கு நூறு ரூபாய் வித்தியாசம்கூட அவருக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் சரியான எண்ணும் தவறான எண்ணத்தைத் தரக்கூடும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த அதிகபட்ச விலைதான் நாடெங்கும் செய்தியானது. சராசரியோ அதற்கு வெகு கீழே இருந்தது. மலையில் எல்லோருக்கும் ஏழாயிரம் கிடைத்ததாகவே வெளியூரில் பேசிக்கொண்டார்கள்.

இதைவிடத் தீவிரமானது ரீபூலிங். ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்தில் பதிவதற்கு அந்தப் பெயர். ஒரே காய் இரண்டு முறை வரத்துக் கணக்கில் ஏறுகிறது. விளைச்சல் மிகுந்துவிட்டதுபோல் தோன்றி விலை சரிகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். வெளியாகும் அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. புதுக்காய் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்ற பிரிவு மட்டும் அதில் இல்லை.

2021-ல் இரு மையங்களும் இணையவழி இணைக்கப்பட்டு, போடியில் இருப்பவரும் புத்தடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்க வசதி வந்தது. கேட்பவர்கள் கூடக்கூட, கூடிப் பேசி விலையை அமுக்குவது கடினமாகும். அப்படி அமுக்குவதை 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களும் ஏலப் பதிவேட்டிலேயே கிடைக்கும்: எந்த வியாபாரி எந்த லாட்டில் எந்த நொடியில் நிறுத்தினார் என்பது. வாய் ஏலத்தில் இத்தகைய சாட்சியம் காற்றோடு போயிற்று. இன்று அதைச் சேமித்து, தணிக்கைக்கு உட்படுத்தி, வரத்துப் பட்டியலில் மறுபதிவுக் காய்க்குத் தனிப் பத்தி ஒதுக்குவது தொழில்நுட்பத்துக்கு எளிய வேலை. அதைச் செய்யச் சொல்லும் பொறுப்பு ஏலத்தை நடத்த உரிமம் தரும் வாரியத்தையே சேரும்.