கணினியே இல்லாமல் கணக்கு ஓடுமா?

பிரபஞ்சமே ஒரு மாபெரும் கணக்கீடாக இருக்கலாம் என்று ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசெ 1969இல் எழுதினார். சரி, அது எந்த இயந்திரத்தில் ஓடுகிறது? இயந்திரமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் வாதம் புரிய, 1970இல் பிரபலமான கணிதவியலாளர் ஜான் கான்வேயின் ‘லைஃப்’ விளையாட்டைப் பார்க்கலாம். தேவை, கட்டம் போட்ட தாள் மட்டுமே; அதில் சில கட்டங்களை உயிருள்ளவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிருடன் இருந்தால் அது பிழைக்கும்; இல்லாவிட்டால் சாகும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புது உயிர் பிறக்கும். ‘கிளைடர்’ என்ற ஐந்து கட்ட உருவம், நான்கே தலைமுறைகளில், அதாவது நான்கு சுற்றுகளில், மூலைவாட்டில் ஒரு கட்டம் தள்ளிப் போய் நிற்கும். யாரும் ஓட்டிப் பார்க்காவிட்டாலும் விடை இதுதான். பிறகு கணினி எதற்கு? இதே போக்கில், நம் உலகமே ஒரு கணித அமைப்புதான் என்கிறார் இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க்.

இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் இதற்கு நேர் எதிர். தகவல் என்றால் அதைத் தாங்க ஒரு பொருள் வேண்டும் என்பது அவர் கட்சி. தகவலின் சிற்றலகான ஒரு பிட்டை அழித்தால் வெப்பம் வெளியேறியே தீரும் என 1961இல் காட்டினார். அறை வெப்பநிலையில் குறைந்தபட்சம், ஒரு ஜூல் ஆற்றலைக் கோடி கோடி கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் மூன்று பங்கு! 2012இல் ஆய்வகத்திலும் இது உறுதியானது.

ஆனால் இந்த விதி நம் உலகத்துக் கணினிகளுக்குத்தான். கணிதத்தின் அருவமான வெளியை அது கட்டுப்படுத்தாது. அந்த வெளியைச் சோதிக்கவும் இதுவரை வழியில்லை. ஆகவே, இயந்திரமில்லாக் கணக்கு என்பது இப்போதைக்குத் தத்துவமே தவிர, இயற்பியல் அல்ல.