கணினித் திரை கறுத்துப் போனால்...

நமது அறக்கட்டளை மூலம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் கணினிகளில் பெரும்பாலானவை, கொடையாளர்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. அவற்றைப் பற்றி அலுவலகத்திற்கு அடிக்கடி வரும் புகார், "ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது" என்பதுதான். பிள்ளையின் ப்ராஜெக்ட், உதவித்தொகைக்காக ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். பெற்றோர் பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று அங்கே சொன்னதும் தலையாட்டி விடுகிறார்கள்.

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. திரையிலோ ரேமிலோ கோளாறு இருக்கும்போது ஃபார்மட் செய்து என்ன பயன்? காசும் போகும், கோப்புகளும் போகும்.

முதலில் அறிய வேண்டியது, கணினி ஓடவே இல்லையா, அல்லது ஓடியும் திரையில் காட்டவில்லையா என்பதைத்தான். ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் உள்ளே கணினி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மடிக்கணினியானால் அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் வேலை செய்யவில்லை. அடுத்து, எச்டிஎம்ஐ கேபிள் மூலம் வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் தெரிந்தால் கோளாறு திரையிலோ அதற்குச் செல்லும் வயரிலோதான். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதே அவற்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். மேசைக் கணினியில் மானிட்டர் கேபிள் தளர்ந்திருப்பதே பல வேளைகளில் காரணமாகிவிடுகிறது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதற்காகவும் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனவர்கள் உண்டு.

விளக்கு எதுவும் எரியவில்லை என்றால், சார்ஜரையும் கூடச் செருகியுள்ள பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஆன் செய்யும்போது 'பீப் பீப்' என்று ஒலி வந்தால் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அது சில நிமிட வேலை.

கம்பெனியின் சின்னம் தெரிந்து, அதன் பிறகே திரை கறுத்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளை ஒன்றாக அழுத்துங்கள். திரையை இயக்கும் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அம்புக்குறி மட்டும் தெரிந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று தட்டுங்கள். இதற்கும் அசையாவிட்டால், சின்னம் தெரியும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய்க் கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம். அதே பக்கத்தில் ரீசெட் என்றும் ஒன்று இருக்கும். கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைக்கும் வரை அதன் பக்கம் போகவேண்டாம்.

அந்தப் பக்கத்தில் சில கணினிகள் பிட்லாக்கர் என்று சொல்லி 48 இலக்க எண் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். விண்டோஸை மாற்றாமல் அப்படியே கைமாறிய கணினி என்றால் அது கொடையாளரின் கணக்கில் இருக்கலாம். கணினி நன்றாக ஓடும்போதே நம் அலுவலகம் மூலம் அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுத்துத் தந்த பிறகே மற்ற வேலை என்று சொல்லுங்கள். 'கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது' என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.